மடியில் வளர்ந்த பிள்ளை: மாற்றாந் தந்தையின் சொத்தும் எமது சட்ட வரலாறும்

சில வருடங்களுக்கு முன் கிழக்கில் எங்கள் ஊரில் ஒரு மௌத்து. சிறிய பலசரக்குக் கடையொன்று வைத்திருந்தவர். சொந்தப் பிள்ளை கிடையாது. கணவனை இழந்த ஒரு பெண்ணை அவர் நிக்காஹ் செய்தபோது அவளது மகனுக்கு நான்கு வயது. அந்தப் பையன் அவரை ‘வாப்பா’ என்றே கூப்பிட்டான். கடையில் நின்று வளர்ந்தான். பள்ளிக்கூடம் முடித்தபின் கடையே அவன் கையில்தான் இருந்தது. தாய் இரண்டு வருடம் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டியதும் அவன்தான், கபுறுக்குள் இறங்கி வைத்ததும் அவன்தான்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் மௌத்தானவரின் இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். கையில் ஒரு மௌலவி கணக்குப் போட்டுக் கொடுத்த துண்டு. கடை, வங்கியில் கிடந்த பணம், ஒரு வயல் துண்டு எல்லாமே அந்த இருவருக்கும் என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: பையனின் உம்மாவுக்குச் சீதனமாக வந்த வீட்டிலும் கால் பங்கு அவர்களுக்கே.

பையன் என்னிடம் வந்தான். முன்பு நான் படிப்பித்த பிள்ளை. “சேர், வாப்பாட சொத்துல எனக்கு ஒண்டுமே இல்லியா? உம்மாட ஊட்டுலயும் அவங்களுக்குப் பங்காம். அப்ப நான் ஆருட புள்ளை?”

துண்டை இரண்டு தடவை வாசித்தேன். கணக்குப் பிழையில்லை. “சரிதான் மகன்” என்று மட்டும் சொன்னேன். அவன் எழும்பிப் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன். துண்டில் இருந்த கணக்குச் சரி. ஆனால் எமது சட்டம் அந்தத் துண்டோடு முடிந்துவிடுவதில்லை. மற்றப் பாதி எங்கே போயிற்று என்பதைத் தேடினால் மதீனாவிலிருந்து கொழும்பு வரை ஒரு நீண்ட வரலாறு கிடைக்கிறது.

‘ரபீப்’ என்ற சொல்

மனைவியின் முந்திய கணவருக்குப் பிறந்த மகனை அரபியில் ‘ரபீப்’ என்பார்கள், மகளை ‘ரபீபா’ என்பார்கள். வளர்த்தல், பேணுதல் என்ற வேரிலிருந்து பிறந்த சொல் அது. ‘வளர்க்கப்பட்டவர்’ என்பதே அதன் நேர்ப்பொருள். ‘மாற்றாந் தந்தை’ என்ற எமது தமிழ்ச் சொல்லில் இருக்கும் அந்நியம் அதில் இல்லை.

அல்குர்ஆன் இப்பிள்ளைகளைப் பற்றி நேரடியாகப் பேசுமிடம் சூரத்துன் நிஸாவின் 23ஆவது வசனம். எவரெவரை மணமுடிக்கக் கூடாது என்று பட்டியலிடும்போது, தாம்பத்தியம் நடந்த மனைவியரின் பிள்ளைகளும், அதாவது உங்கள் மடியில் வளரும் ரபீபாக்களும், அதில் சேர்க்கப்படுகிறார்கள். வீட்டில் வளர்ந்தால்தான் இந்தத் தடையா என்று இமாம்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். வழமையான நிலையைச் சொல்வதற்காகவே ‘மடி’ குறிப்பிடப்பட்டது, வேறு வீட்டில் வளர்ந்தாலும் தடை தடைதான் என்பது பெரும்பான்மையினரின் முடிவு.

ஆக, மாற்றாந் தந்தைக்கும் மகளுக்கும் இடையில் ஷரீஅத் ஒரு நிரந்தர உறவை நிறுவிவிட்டது. அவள் அவருக்கு மஹ்ரம். தாய் மௌத்தானாலும், தலாக் நடந்தாலும் அது அறுந்து போவதில்லை. ஆனால் அதே சூராவின் 11, 12, 176ஆம் வசனங்கள் வாரிசுப் பங்குகளைச் சொல்லும்போது ரபீப் அங்கே இல்லை. வாரிசாவதற்கு மார்க்கச் சட்டத்தில் மூன்று காரணங்களே உண்டு: இரத்த உறவு, நிக்காஹ், அடிமையை உரிமைவிட்டதால் உண்டான ‘வலா’. மூன்றாவது இன்று நடைமுறையில் இல்லை. மாற்றாந் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே முதலிரண்டும் இல்லை. நிக்காஹ் இருப்பது தாயுடன், பிள்ளையுடனல்ல. எனவே அவர் மௌத்தானால் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு கிடையாது, பிள்ளை மௌத்தானால் அவருக்கும் கிடையாது. மாற்றாந் தாய்க்கும் இதே விதிதான். நான்கு மத்ஹபுகளிலும் இதில் கருத்து வேறுபாடு இல்லை.

மதீனாவில் நடந்த மாற்றம்

இந்த விதி எதைத் திருத்த வந்தது என்று பார்த்தால்தான் அதன் கருத்து விளங்கும்.

இஸ்லாத்துக்கு முந்திய அரபு வழக்கில், தகப்பன் இறந்தால் மூத்த தாரத்து மகன் தன் மாற்றாந் தாயையே ‘வாரிசாக’ எடுத்துக்கொள்ளும் நிலை இருந்தது. தானே மணந்துகொள்வான், அல்லது மஹரை வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குக் கொடுப்பான், அல்லது யாரையும் மணக்கவிடாமல் தடுத்து வைப்பான். பெண்களைப் பலாத்காரமாக வாரிசாக்கிக் கொள்வதை நிஸா சூராவின் 19ஆம் வசனமும், தந்தையின் மனைவியரை மணப்பதை 22ஆம் வசனமும் விலக்கின. மாற்றாந் தாய் சொத்தாக இருந்த நிலை போய், மஹ்ரமான ஒரு மனுசியாக ஆனாள்.

போரில் நிற்க முடியாத பெண்களுக்கும் சிறுவருக்கும் பங்கில்லை என்பது இன்னொரு வழக்கு. உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களின் மனைவி தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நபியவர்களிடம் வந்து, பிள்ளைகளின் சாச்சா சொத்து முழுவதையும் எடுத்துவிட்டார் என்று முறையிட்டார். பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டிலொன்று, மீதியே சகோதரனுக்கு என்று தீர்ப்பாயிற்று. திர்மிதியிலும் அபூதாவூதிலும் வரும் இந்தச் செய்தி, தகப்பனை இழந்த பிள்ளையின் பக்கம் சட்டம் நின்றதற்கு முதற் சாட்சி.

மூன்றாவது மாற்றம் எமது விடயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஹிஜ்ரத்தின் ஆரம்பத்தில் முஹாஜிர்களும் அன்ஸாரிகளும் சகோதரத்துவ ஒப்பந்தத்தால் ஒருவருக்கொருவர் வாரிசானார்கள். தத்துப்பிள்ளை வளர்த்தவரின் பெயரையே தன் தகப்பன் பெயராகக் கொண்டான். இரண்டும் பின்னர் நீக்கப்பட்டன. அஹ்ஸாப் சூராவின் 4, 5ஆம் வசனங்கள் பிள்ளைகளை அவர்களின் தகப்பன்மாரின் பெயராலேயே அழைக்கச் சொல்லின. 6ஆம் வசனம் இரத்த உறவினரே ஒருவருக்கொருவர் உரித்துடையவர் என்றது. ஆனால் அதே வசனம், உங்கள் நேசர்களுக்கு நீங்கள் நன்மை செய்வதற்குத் தடையில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. உரிமையான பங்கு இரத்தத்துக்கு, அன்பின் கொடை வாழ்பவரின் கைக்கு என்று இரண்டு வழிகள் அங்கே பிரிகின்றன.

இதனால் ரபீபுக்குக் கிடைத்த பாதுகாப்பையும் நாம் மறக்கக் கூடாது. அவனது வம்சம் அழிவதில்லை. சொந்த வாப்பாவின் சொத்தில் அவனது பங்கு, தாய் மறுமணம் செய்ததால் ஒரு சதமும் குறைவதில்லை. மாற்றாந் தந்தை அதைத் தொட்டால் அது யதீமின் சொத்தை உண்ட பாவம். நிஸா சூராவின் 10ஆம் வசனம் அதை வயிற்றில் நெருப்பை நிரப்புவதாகச் சொல்கிறது.

நபியவர்களின் வீட்டில் வளர்ந்தவர்கள்

அபூ ஸலமா (ரழி) உஹதில் பட்ட காயத்தால் ஹிஜ்ரி 4இல் வபாத்தானார்கள். அதே ஆண்டில் உம்மு ஸலமா (ரழி) அவர்களை நபியவர்கள் மணந்தபோது ஸலமா, உமர், ஸைனப், துர்ரா ஆகிய பிள்ளைகள் இருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டில் கை அங்குமிங்கும் அலைந்த சிறுவனுக்கு, பிஸ்மில் சொல்லி, வலது கையால், உனக்கு முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிடு என்று நபியவர்கள் சொல்லிக் கொடுத்த ஹதீஸ் எமது மத்ரஸாப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். அந்தச் சிறுவன்தான் உமர் இப்னு அபீ ஸலமா. அவன் ஒரு ரபீப் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஸைனபின் முந்திய பெயர் பர்ரா. நபியவர்களே பெயரை மாற்றினார்கள். பிற்காலத்தில் அவர் மதீனாவின் மார்க்கச் சட்டம் அறிந்த பெண்களுள் ஒருவரானார். கதீஜா (ரழி) அவர்களின் முந்திய கணவருக்குப் பிறந்த ஹிந்த் இப்னு அபீ ஹாலாதான் நபியவர்களின் தோற்றத்தை மிக நுணுக்கமாக வருணித்துச் சொன்னவர்.

நபிமார் விட்டுச் செல்வது வாரிசுச் சொத்தாகப் பங்கிடப்படுவதில்லை. ஆகவே வாரிசுரிமைக்கு இந்த வீட்டில் முன்னுதாரணம் தேட முடியாது. அதற்கு இன்னொரு வீட்டைப் பார்க்க வேண்டும்.

அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் தாய் உம்மு ஸுலைம், கணவனுக்குப் பின் அபூ தல்ஹாவை மணந்தார். அவர் இஸ்லாத்துக்கு வந்ததே தனக்கு மஹர் என்றார். அபூ தல்ஹாவிடம் மஸ்ஜிதுந் நபவிக்கு எதிரே ‘பைருஹா’ என்ற அருமையான தோட்டம் இருந்தது. விருப்பமானதைச் செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்ற வசனம் இறங்கியபோது அவர் அதை நபியவர்களிடம் ஒப்படைத்தார். உறவினருக்கே கொடுங்கள் என்றார்கள் நபியவர்கள். அவர் ஹஸ்ஸான் இப்னு தாபித்துக்கும் உபை இப்னு கஅபுக்கும் கொடுத்தார். இதை அறிவிப்பவர் அனஸ். அவர்கள் இருவரும் என்னைவிட அவருக்கு நெருங்கிய உறவினர் என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

அந்த வார்த்தையில் கோபமில்லை. இரத்த உறவின் வரிசையை வளர்ந்த பிள்ளையே ஏற்றுச் சொல்கிறான். அனஸுக்கு அபூ தல்ஹா என்ன கொடுத்தார் என்று தேடினால் கிடைப்பது இது: மதீனாவுக்கு நபியவர்கள் வந்ததும், இவன் புத்தியுள்ள பையன், உங்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டவர் அபூ தல்ஹாதான். அந்தப் பையன் நபியவர்களுக்குப் பத்து வருடம் பணிவிடை செய்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவராக உயர்ந்தார்.

மூன்றிலொன்று

நிஸா சூராவின் 11, 12ஆம் வசனங்களில் பங்குகள் சொல்லப்படும்போது, வஸிய்யத்தும் கடனும் போக மீதியில்தான் பங்கு என்று திரும்பத் திரும்ப வருகிறது. நிறைவேற்றும் ஒழுங்கில் கடனே முதலாவது. நபியவர்கள் அப்படியே தீர்ப்பளித்ததாக அலீ (ரழி) அவர்களின் அறிவிப்பு உண்டு. ஆனால் வசனத்தில் வஸிய்யத் முன்னே நிற்கிறது. ஏன்? கடன்காரன் வந்து கதவைத் தட்டுவான், வஸிய்யத்துக்கு உரியவன் தட்டமாட்டான், ஆட்கள் அதை அலட்சியமாக விட்டுவிடுவார்கள், அதனால் முன்வைக்கப்பட்டது என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். எமது சமூகத்தைப் பார்த்தே எழுதியது போலிருக்கிறது.

வஸிய்யத்துக்கு இரண்டு எல்லைகள். ஒன்று, மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது. நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) தன் சொத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது மூன்றிலொன்றோடு நிறுத்தினார்கள் நபியவர்கள், அதுவே அதிகம் என்றும் சொன்னார்கள். இரண்டாவது, பங்கு பெறும் வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. இந்த இரண்டாவது எல்லையை ரபீபின் பக்கமிருந்து பாருங்கள். சொந்த மகனுக்கு வஸிய்யத் எழுத முடியாது, அவன் வாரிசு. ரபீப் வாரிசல்ல, ஆகவே அவனுக்கு எழுதலாம். அவனை வாரிசுப் பட்டியலுக்கு வெளியே வைத்த அதே விதிதான் வஸிய்யத்தின் கதவை அவனுக்குத் திறக்கிறது.

இதோடு 8ஆவது வசனம். பங்கிடும் இடத்தில் பங்கில்லாத உறவினரும் யதீம்களும் ஏழைகளும் வந்து நின்றால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள் என்கிறது. இது கட்டாயமல்ல, விரும்பத்தக்கது என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்து. கட்டாயமில்லை என்று தெரிந்தவுடன் நாம் வசனத்தையே மறந்துவிட்டோம். நாற்பதாம் நாள் துண்டோடு வந்தவர்கள் அந்தப் பையனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியிருந்தாலே அவன் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டான்.

பத்தாவியாவிலிருந்து 1931 வரை

இலங்கைச் சோனகரின் வாரிசுச் சட்டம் முதன்முதல் எழுத்தில் வந்தது ஒல்லாந்தர் காலத்தில். பத்தாவியாவில் தொகுக்கப்பட்ட முஸ்லிம் சட்ட விதிகள் 1770இல் ஆளுநர் பல்க் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டன. ஆங்கிலேயர் வந்தபின் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், கொழும்புச் சோனகத் தலைவர்கள் பார்வையிட்டு ஏற்ற வடிவில், 1806ஆம் ஆண்டு முஹம்மதியச் சட்டக்கோவை வெளிவந்தது. 102 பிரிவுகள். முதற்பகுதி வாரிசுரிமை, இரண்டாம் பகுதி விவாகம். கொழும்பு மாகாணத்துக்கென வந்த அது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் தீவின் ஏனைய பகுதிகளுக்கும் விரிந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எமது வழக்குகள் அந்தக் கோவையிலேயே ஓடின. அது பூரணமானதல்ல என்ற குறை சமூகத்தில் எழுந்தது. அதன் விளைவே 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச்சட்டம். அதன் 2ஆம் பிரிவு சுருக்கமானது: மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படி போகும். எங்களில் பெரும்பாலோருக்கு அது ஷாபிஈ மத்ஹப்.

இது ஒரு வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது எழுதாமல் இறந்தவரைப் பற்றி. எழுதி இறப்பவரின் விடயம் வேறு இரண்டு பொதுச் சட்டங்களில் கிடக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், மரண சாசனம் எழுத்தில், நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் முன்னும் கையொப்பமிடப்பட வேண்டும் என்கிறது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரண சாசனக் கட்டளைச்சட்டம், சொத்தை விரும்பியபடி எழுதும் சுதந்திரத்தைத் தருகிறது. நாட்டுச் சட்டம் முழுச் சொத்தையும் எழுத இடம் தருகிறது. மூன்றிலொன்றோடு நிறுத்த வேண்டியது எமது ஈமான்.

இப்படிப் பிரிந்ததால் நடந்தது என்ன? பங்கீடு ‘எங்கட சட்டம்’ ஆயிற்று. வஸிய்யத் ‘வெள்ளைக்காரன்ட சட்டம்’, நொத்தாரிசின் மேசைச் சமாசாரம் ஆயிற்று. ஒரே வசனத்தில் ஒன்றாக இருந்த இரண்டும் எமது மனத்தில் இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டன. பராயிழ் கணக்குப் போடத் தெரிந்த ஆலிம்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். மௌத்துக்கு முந்தியே வந்து, எழுதிவிட்டீர்களா ஹாஜியார் என்று கேட்பவர் எத்தனை பேர்?

மரணப் படுக்கையில் நாலு பேர் கேட்க, கடையை மகனுக்குக் குடுங்க என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் எங்களிடம் உண்டு. அல்லாஹ்விடத்தில் அந்த நிய்யத்துக்குக் கூலி இருக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அது நிற்காது. வாரிசு வழக்கு காதி நீதிமன்றத்துக்குப் போவதுமில்லை. காதியாருக்கு விவாகம், விவாகரத்து, தாபரிப்பு முதலியவற்றிலேயே அதிகாரம்.

கணக்கில் நடப்பது

ஓர் உதாரணம். மாற்றாந் தந்தை மௌத்தாகிறார். மனைவி, அவளிடம் பிறந்த தன் மகன் ஒருவர், மகள் ஒருவர், அவளது முந்திய கணவரின் மகன் ஒருவர் இருக்கிறார்கள். பெற்றோர் உயிருடன் இல்லை. கடனும் மனைவியின் மஹர் பாக்கியும் கொடுத்தபின் மீதி 24 இலட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டிலொன்று, 3 இலட்சம். மீதி 21 இலட்சத்தில் மகனுக்கு 14, மகளுக்கு 7. ரபீபுக்கு ஒன்றுமில்லை.

பின்னர் தாய் மௌத்தாகிறாள். அவள் விட்டுச் செல்வது அந்த 3 இலட்சம்தான் என்று வைப்போம். இப்போது மூவரும் அவளது பிள்ளைகள். இரண்டு மகன்மாருக்கும் 1,20,000 வீதம், மகளுக்கு 60,000. மாற்றாந் தந்தையின் சொத்தில் ஒரு சிறு துளி தாயின் வழியாக அவனுக்கு வந்து சேர்கிறது. இன்னொரு வழியும் உண்டு. தாயொத்த சகோதரன் பிள்ளையும் தகப்பனும் பாட்டனும் இல்லாமல் இறந்தால் ரபீபுக்கு ஆறிலொன்று. அப்படி ஒருவருக்கு மேல் இருந்தால் மூன்றிலொன்றை ஆண், பெண் வேறுபாடின்றிச் சமமாகப் பிரிப்பார்கள்.

ஆனால் தாய் முந்தி மௌத்தானால் ஓட்டம் எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. கிழக்கில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மறுமணத்திலும் அப்படித்தான். வீடு உம்மாவுடையது, ஆகவே பிள்ளைக்குக் கூரை பத்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையுள்ள மனைவி இறந்தால் கணவனுக்கு நாலிலொன்று. மாற்றாந் தந்தைக்கு அந்த வீட்டில் கால் பங்கு போகிறது. அவரும் பிள்ளையின்றி இறந்தால் அந்தக் காலும் அவரது சகோதரருக்குப் போகிறது. எங்களூர்ப் பையனுக்கு நடந்தது இதுதான். ஒரு வருடம் முந்திப் பிந்தி நடக்கும் மௌத்து, ஒரு பிள்ளையின் வீட்டுச் சுவரைக் கூறுபோடுகிறது.

மேலே சொன்ன 24 இலட்சத்துக்குரியவர் ரபீபுக்கு ஐந்திலொன்றை, அதாவது 4,80,000 ரூபாயை, வஸிய்யத்தாக எழுதியிருந்தால்? மூன்றிலொன்றான 8 இலட்சத்துக்கு அது உட்பட்டதுதான். மீதி 19,20,000இல் மனைவிக்கு 2,40,000, மகனுக்கு 11,20,000, மகளுக்கு 5,60,000. எவரும் தெருவுக்கு வரவில்லை. ஸஅத் (ரழி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணமும் அதுவே: வாரிசுகளைக் கையேந்த விட்டுவிட்டுப் போகாதே. வாரிசுகளுக்குத் தீங்கு செய்யும் நோக்கில் வஸிய்யத் எழுதுவதையும் குர்ஆன் தடுக்கிறது.

பிற நாடுகள்

வாழ்பவர் எழுதாமல் விட்ட குறையை அரசு நிரப்பலாமா என்ற கேள்வி முஸ்லிம் நாடுகளில் எழுந்தது. எகிப்து 1946ஆம் ஆண்டின் 71ஆம் இலக்கச் சட்டத்தில் ‘கட்டாய வஸிய்யத்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. தாத்தாவுக்கு முந்தி வாப்பா இறந்ததால் பங்கிழக்கும் பேரப்பிள்ளைக்கு, தாத்தா எழுதாவிட்டாலும் மூன்றிலொன்றுக்குள் கொடுக்கப்பட வேண்டும். பங்கு பெறாத நெருங்கிய உறவினருக்கு வஸிய்யத் எழுதுவது கடமையே என்ற இப்னு ஹஸ்மின் கருத்து அதற்குத் துணைநின்றது. ஷாபிஈ மத்ஹபைப் பெரும்பாலும் பின்பற்றும் இந்தோனேசியா 1991இன் இஸ்லாமிய சட்டத் தொகுப்பில், 209ஆம் பிரிவில், வளர்ப்புப் பிள்ளைக்கும் வளர்ப்புப் பெற்றோருக்கும் மூன்றிலொன்றுக்கு மேற்படாத கட்டாய வஸிய்யத்தை வைத்தது.

இரண்டும் ரபீபைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பங்கீட்டு வசனங்களில் கை வைக்காமல், வஸிய்யத்தின் பக்கமிருந்து குறையைத் தீர்க்க முயன்றார்கள் என்பதே எமக்குப் பாடம். இலங்கையிலும் அப்படியொரு சட்டம் வேண்டுமா என்பது ஆலிம்களும் சட்டத்தரணிகளும் ஒன்றாக இருந்து பேசவேண்டிய விடயம். என் சொந்த எண்ணம், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது. பேனா எமது கையிலேயே இருக்கிறது.

இன்று ஏன்

யுத்த காலத்தில் வாப்பாவை இழந்த பிள்ளைகள், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன தாய்மாரின் பிள்ளைகள் எமது கரையோர ஊர்களில் நிறையவே இருந்தார்கள். பலரின் தாய் அல்லது தகப்பன் மறுமணம் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பெரியவர்கள். அவர்களை வளர்த்த மாற்றாந் தாய் தந்தையர் முதுமைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். நாற்பதாம் நாள் துண்டுகள் இனித்தான் கூடப் போகின்றன.

செய்யக் கூடியவை சில உண்டு. முதலாவது, நொத்தாரிசு முன் ஒரு வஸிய்யத், மூன்றிலொன்றுக்குள். இரண்டாவது, உயிருடன் இருக்கும்போதே ஹிபத்து. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி எமது நன்கொடைகளையும் மத்ஹபின் சட்டமே ஆளுகிறது. உறுதியைக் கையளித்தால் அது உடைமையைக் கையளித்ததற்குச் சாட்சி. மீளப் பெறமுடியாதது என்று உறுதியில் எழுதாவிட்டால் அது மீளப் பெறக்கூடியதாகவே கருதப்படும். எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, கடையில் உழைத்த பிள்ளையின் கணக்கு. சம்பளமா, பங்காளியா என்பதை ஒரு கடதாசியில் எழுதி வைத்தால், தகப்பனின் மௌத்துக்குப் பின் அது கடனாகவோ சொந்தப் பங்காகவோ நிற்கும். பங்கீட்டுக்கு முந்தியே அது கொடுக்கப்பட வேண்டியது. எங்களூர்ப் பையன் அந்தக் கடையில் பல வருடம் நின்றான். ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

நான்காவது காரியம் பள்ளிவாசலுக்குரியது. மறுமணம் எழுதும் நாளில், பிள்ளைகள் இருக்கிறார்களா, வீடு யாருடைய பெயரில் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மனைவி தன் வீட்டை உயிருடன் இருக்கும்போதே பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதா என்பதை அன்றைக்கே இரு பக்கமும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பையனின் கதை எப்படி முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். இரண்டு சகோதரரில் இளையவர், சில மாதம் கழித்து, உம்மாவின் வீட்டில் தனக்கு வந்த அரைக்கால் பங்கை அவன் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. “எங்கட காக்காவ கபுறுல வெச்ச கை அது” என்று மட்டும் சொன்னாராம். மூத்தவரின் அரைக்கால் இன்னும் அப்படியே கிடக்கிறது. கடை கைமாறிவிட்டது. பையன் அதே தெருவில் சின்னதாக வேறொரு கடை போட்டிருக்கிறான். பெயர்ப் பலகையில் இருப்பது அந்த வாப்பாவின் பெயர்.

போன மாதம் அவனைக் கண்டபோது இதையெல்லாம் சொன்னேன். அனஸ் (ரழி) அவர்களின் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இத வாப்பா ஹயாத்தோட இரிக்கக்குள்ள ஆரும் அவருக்குச் சொல்லியிருக்கலாமே சேர்” என்றான். அவர் ஜும்ஆத் தொழுகைக்கு ஒவ்வொரு வெள்ளியும் எனக்குப் பக்கத்து ஸப்பில் இருந்தவர். நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.